நீங்கினார்

வக்கீல் ஜெசிந்தாவுக்குத் தன் ஜூனியர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. சிதம்பரதாணு நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு கறுப்புக் கோட்டு மாட்டியவர். வயதில் ஜெசிந்தாவைவிட ரொம்ப மூத்தவர். எப்படித் திட்டுவது?

“மேடம், இந்தத் தொழில்ல மேல வரணும்னா முக்கியமா என்ன வேணும்? சட்ட அறிவா, பேச்சா?”

இதையே காலையில் கோர்ட்டுப் படியில் கேட்டார். டீக்கடையிலும் கேட்டார்.

“முதல்ல லீலாவோட எதிருரையைக் குடுங்க சார். நாளைக்குத் தாக்கல் பண்ணணும்.”

மனைவி தன்னைக் கைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லி லீலாவின் கணவன் விவாகரத்துக் கேட்டிருந்தான். லீலாவுக்கோ அவனோடும் மகளோடும் திரும்பப் போய் வாழ வேண்டும். ஜெசிந்தாவின் ஆபீஸில் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரதாணு எழுதிய பதிலில் ஜெசிந்தா முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ‘எதிர்மனுதாரரான லீலா கணவரின் இல்லத்தைவிட்டு நீங்கினார்’ என்றிருந்தது.

“இதை அந்தப் பக்கத்து வக்கீல்தானே எழுதணும்? நீங்க ஏன் சார் எழுதினீங்க?”

“போனது உண்மைதானே மேடம்?”

ஜெசிந்தா லீலாவிடம் திரும்பினார். “அன்னைக்கு வீட்டைவிட்டு இறங்கும்போது என்னம்மா சொன்ன?”

“அம்மை இடுப்பொடிஞ்சு கிடந்தா வக்கீலம்மா, பாத்துக்க ஆளில்லை. மாமியாருகிட்ட ‘வாறேன் அத்தே’ன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினேன். அம்மை எழும்பி நடந்ததும் திரும்பிப் போனா, கதவையே தொறக்கல.”

“இதை சார்கிட்ட சொல்லலியா?”

“சொன்னேனே. அவரு எழுதிக்கிட்டே இருந்தாரு.”

“சொன்னாங்க மேடம்,” என்றார் சிதம்பரதாணு. “வாறேன்னாலும் போறேன்னாலும் ஆள் போறதுதானே? நல்ல தமிழா இருக்கட்டும்னு ‘நீங்கினார்’னு போட்டேன்.”

ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல தமிழாம்! ஒரு பெண்ணின் குடும்பத்தையே எதிராளி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே மனுஷன்.

சிதம்பரதாணு கடிகாரத்தைப் பார்த்துப் பையை எடுத்தார். “பேத்தியை டியூஷன்லேருந்து கூட்டிட்டுப் போகணும். வாறேன் மேடம்.”

அவர் வாசலுக்குப் போவதற்குள் ஜெசிந்தா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ராசையண்ணே! சிதம்பரதாணு சார் நம்ம ஆபீஸைவிட்டு நீங்கிட்டாரு. வெளியே அவரு பேர்ப்பலகையைக் கழட்டிருங்க.”

குமாஸ்தா ராசையா எதையும் மறுமுறை கேட்கிற ஆளில்லை. ஸ்குரூடிரைவரோடு வந்தேவிட்டார்.

சிதம்பரதாணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன மேடம் இது அநியாயம்? நான் எங்க போறேன்? வாறேன்னுதானே சொன்னேன்! லீலா, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

“கேட்டேன் சார்,” என்றாள் லீலா.

ஜெசிந்தா அந்த எதிருரையை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்க சொன்னதை அவ கேட்டிருக்கா. அவ சொன்னதைக் கேட்க யாரு சார் இருந்தா?”