பன்னிரண்டாவது வண்டி

பத்து வருடம் தாண்டிய டாக்சிக்கு உரிமம் இல்லை என்று அந்த மலை நகராட்சி தீர்மானம் போட்டது. ஒரே வாரத்தில் பதினோரு வண்டிகளைப் பறித்து உடைக்க அனுப்பினார் ஆணையர் தணிகாசலம். பன்னிரண்டாவது, மரியசூசையின் பத்தொன்பது வருட ஜீப். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான்.

"அந்தக் கிழட்டுச் சனியனை என் கார் பின்னாலேயே ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டு வாடா" என்றார் ஆணையர்.

மழை கொட்டியது. கொண்டை ஊசி வளைவில் ஆணையரின் கார் நின்று, பின்னோக்கி உருண்டு, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு கல்லில் முட்டி நின்றது.

"கயிறு கட்டி இழுடா!" என்று உள்ளிருந்து அலறினார்.

"இழுக்கிறேங்கய்யா. ஆனா இது ஓடத் தகுதியில்லாத வண்டின்னு நீங்கதானே நோட்டீஸ் கொடுத்தீங்க? ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. தகுதியான வண்டின்னு அதுலயே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

கல் நகர்ந்தது. ஆணையர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் முன்னால் போய்க் காரை மேலே இழுத்தது.

அலுவலக வாசலில் இறங்கியதும், "அந்தப் பேப்பரைக் குடு" என்று கை நீட்டினார்.

"தரேங்கய்யா. உங்க காருக்கு எத்தனை வயசுன்னு மட்டும் சொல்லுங்க."

ஆணையரின் டிரைவர்தான், எங்கோ பார்த்தபடி சொன்னார்: "இருபத்து மூணு."

அன்றே உரிமம் கைக்கு வந்தது. மரியசூசை ஜீப்பை ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினான். பக்கத்தில் பதினோரு இடம் காலியாகக் கிடந்தது.