ஆளில்லாத ஊரில் அடுப்புப் புகை

முன்னொரு காலத்தில், ஏரிகள் மிகுந்த ஒரு நாட்டை ஆண்ட தேவசேகர மன்னருக்கு ஓர் ஆசை வந்தது. அரண்மனைத் தாமரைக்குளம் எப்போதும் மேல்படி வரை தளும்ப வேண்டும். ஆனால் அதற்கு நீர் தந்த ஏரியே மடைக்குடி வயல்களுக்கும் பாய்ந்தது. "குளமும் நிறைய வேண்டும், மடைக்குடியிலிருந்து ஒரு குடும்பமும் வெளியேறக் கூடாது" என்றார் மன்னர்.

அமைச்சர் மாதவராயர் பல நாள் அளந்து பார்த்து, ஊருக்கு நீர் விடும் மடையின் பலகையை இறக்கி வைத்தார். "ஒரு நூல் குறைந்தால் குடிகள் போய்விடுவார்கள், ஒரு நூல் கூடினால் குளம் நிறையாது. இதைவிடச் சிறந்த அளவு இல்லை, அரசே."

"கூரை நுனியில் குடத்தை வைத்திருக்கிறீர்கள், அமைச்சரே" என்றான் விகடகவி சித்தணன். மாதவராயர் அதை மறக்கவில்லை.

ஆடிக்காற்று தொடங்கியது. மடைக்குடியில் ஆள் அரவமே இல்லை என்று ஒரு காலையில் செய்தி வந்தது. மன்னர் இருவரையும் மெய்க்காவலர்களையும் அழைத்துக்கொண்டு போனார்.

எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. ஒரு வாசலில் பாதிக் கோலம். ஒரு வீட்டில் காலித் தொட்டில் காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "யாரங்கே?" என்றார் மன்னர். அவர் குரல்தான் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

மடைக் காவலன் இருளாண்டி மட்டும் எதிரே வந்தான். "மடை வாயில தழை சிக்கிருச்சு சாமி. கடைசி வயலுக்குத் தண்ணி ஏறல, அந்த வீட்டுக்காரன் கெளம்பிட்டான். தனியா நின்னு காட்டுப்பன்னி வெரட்ட முடியாதுன்னு பக்கத்து வயக்காரனும் போனான். அவனப் பாத்து அடுத்தவன். இப்ப ஊரே எதுத்த மலைல சிதறிக் கெடக்கு. தழைய எடுத்துட்டேன், தண்ணி பழையபடி வருது. ஆளு வரல."

"ஏன்?"

"அடுத்தவன் வந்தா வாறேங்கிறான், ஒவ்வொருத்தனும்."

மாதவராயர் முந்திக்கொண்டார். "சித்தணனின் கெட்ட வாய்தான் பலித்தது, அரசே. குடிகளை அவனே திரும்பக் கொண்டுவரட்டும்."

மன்னர் சித்தணன் பக்கம் திரும்பினார். "மன்னன் கெஞ்சினான் என்ற பேச்சு வரக் கூடாது. ஒருவரையும் கூப்பிடாமல், படையும் அனுப்பாமல், பொழுது சாய்வதற்குள் வரவழை. இல்லையேல் நாடு கடத்துவேன்."

சித்தணன் வணங்கினான். "கூப்பிட மாட்டேன், அரசே. முதலில் மடையை இரண்டு விரல் கூடத் திறக்க ஆணையிடுங்கள். குளத்தில் ஒரு படி காயும். ஆனால் தழை அடைத்தாலும் ஊர் நிற்கும்."

மன்னர் அந்தத் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இனி ஆளுக்கொரு வீட்டில் அடுப்பு மூட்டுவோம்" என்றான் சித்தணன்.

காவலர்கள் வீடுவீடாக நுழைந்தார்கள். மாதவராயரும் நுழைய வேண்டியதாயிற்று. ஆளில்லாத கூரைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் புகை எழுந்தது. பேச்சில்லை, குழந்தை அழவில்லை, புகை மட்டும் காற்றில் சாய்ந்து எழுந்தது.

மலைப் பாறைகளுக்கிடையே ஒருத்தி புகையைக் கண்டு எழுந்தாள். "எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போயிட்டாங்கடி. நாமதான் இங்க கெடக்கோம்." அவள் இறங்குவதைக் கண்டு அடுத்த பாறையில் இருந்தவர்களும் இறங்கினார்கள்.

முதலில் வந்தவள் தன் அடுக்களையில் கண்ணீரும் கரியுமாக ஒருவர் குனிந்து ஊதுவதைக் கண்டாள்.

"யாருய்யா நீ?"

"நான்... அமைச்சர்."

"சரி, ஊதுறத நிறுத்தாத. உல வைக்கணும்."

வாசலில் நின்ற மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்துச் சித்தணனுக்குப் போர்த்தி, நாட்டின் மடைகளையெல்லாம் அவன் பொறுப்பில் விட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "பொய்ப்புகை என்று தெரிந்தால் மறுபடி போய்விட மாட்டார்களா?"

சித்தணன் தெருவைக் காட்டினான். "இப்போது அதில் பொய் எங்கே இருக்கிறது, அரசே? எல்லோரும்தான் வந்துவிட்டார்களே."