சிங்காரவடிவேலண்ணனின் மூன்று குட்டைகள்

வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்கள் தண்ணீரை டெஸ்ட் பண்ணுகிற லேபில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தால் இரண்டு விஷயம் இலவசம். ஒன்று ஃபேன் காற்று. இன்னொன்று சிங்காரவடிவேலண்ணன். நாங்களெல்லாம் குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவோம். அவர் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்.

அன்றைக்கு அவரிடம் மாட்டியது செண்பகவல்லி. அவளுக்கு இரண்டு போகம் வெள்ளைப்புள்ளி நோயில் போயிருந்தது. மூன்றாவதும் போனால் குட்டையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புவதாக வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள். எந்த முறையில் வளர்க்கப் போகிறாள், எத்தனை குஞ்சு வேண்டும் என்று மதியத்துக்குள் குஞ்சுப் பண்ணைக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தெரியாத்தனமாக அண்ணனிடம் கேட்டுவிட்டாள்.

"பயோஃப்ளாக் நல்லதாண்ணே? இல்ல, தண்ணியச் சுத்தம் பண்ணித் திருப்பித் திருப்பி விடுறாங்களே, அந்தத் தொட்டி முறை நல்லதா?"

"எங்கிட்ட ரெண்டும் இருக்கு. மூணாவதும் ஒண்ணு இருக்கு. ஒக்காரு தங்கச்சி" என்றார்.

இருபது வருஷமாக மண் குட்டையோடு மல்லுக்கட்டும் பக்கிரிசாமி தன் டோக்கனைப் பார்த்தான். முன்னால் இன்னும் பதினோரு பேர். தப்பிக்க வழியில்லை.

"மொதல்ல பயோஃப்ளாக். வெல்லப்பாக ஊத்துனேன். தண்ணியில உள்ள நல்ல கிருமியெல்லாம் இறால் கழிவத் தின்னு, திரண்டு, அதுவே இறாலுக்குத் தீனியாயிருச்சு. எவ்ளோ திரண்டுச்சுங்குற? இட்லி மாவு மாதிரி பொங்கி ரோட்டுக்கு வந்துருச்சு. செருப்பு நனையாம இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நடந்தேன்."

"அதுக்குள்ள இறால் எப்படிண்ணே நீந்துச்சு?" என்றான் பக்கிரிசாமி.

"எதுக்கு நீந்தணும்? ஒக்காந்த எடத்துல சாப்பாடு. தீவனக் கம்பெனி ஆளு வந்து, ஒரு மூட்டையாச்சும் வாங்குங்கன்னு அழுதான். பாவம்னு நான்தான் அவனுக்கு ரெண்டு கிலோ அள்ளிக் கட்டிக் குடுத்தேன்."

எங்களுக்குத் தெரிந்து கசடு கூடினால் இறாலுக்குச் செவுள் அடைத்துக்கொள்ளும். அண்ணன் வீட்டு இறால்களுக்குச் செவுளே கிடையாது போல.

"அடுத்தது தொட்டி. மூணு வருசமா ஒரே தண்ணி. வாய்க்காலுக்கு ஒரு சொட்டு விட்டதில்ல. ஃபில்டர் அப்படி! கைய விட்டாத்தான் தண்ணி இருக்குன்னே தெரியும், இறாலெல்லாம் அந்தரத்துல நிக்கும். ஒருநாள் கடல் பெருக்கெடுத்து உள்ள வந்து, ஃபில்டர் வழியாப் போயிருச்சு. கோடியக்கரை வரைக்கும் ரெண்டு நாள் கடல்ல உப்பே இல்ல. உப்பளத்துக்காரங்க எம்மேல கேஸ் போடக் கெளம்பிட்டாங்க."

"சதுர மீட்டருக்கு எத்தன குஞ்சு விட்டீங்க?" நானும் கேட்டுத் தொலைத்தேன்.

"மண் குட்டைல நீங்க அம்பது விடுவீங்க. நான் ஆயிரத்தைந்நூறு. எடம் பத்தல. பாதிக்குப் பகல் ஷிஃப்டு, பாதிக்கு நைட் ஷிஃப்டு."

"ஷிஃப்டு இல்லாதது எங்க நிக்கும்?" என்றான் பக்கிரிசாமி.

"குழாய்க்குள்ள, வரிசையில."

பக்கிரிசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"மூணாவது, கூட்டு வளர்ப்பு. இறாலோட மடவை மீன், கடல்பாசி. இறால் மிச்சம் வெச்சத மடவை தின்னும், மடவை கழிவப் பாசி எடுத்துக்கும். ஏதாவது ஒரு இறாலுக்குச் சளி புடிச்சா, மடவையே மூலையில தனியா ஒதுக்கி வெச்சு, காய்ச்சல் விட்டப்புறந்தான் உள்ள சேக்கும்."

"சரி, மூணுல எதுல நல்லா வளந்துச்சு?" என்றேன் நான்.

"போட்டியே வெச்சேனே! பயோஃப்ளாக் இறால் ஒண்ணு நாலு கிலோ. தொட்டி இறால் ஆறு. கூட்டு இறால ஏத்துனதும் தராசு ஒடஞ்சிருச்சு. வாங்க வந்த ஏஜென்ட் வழக்கம்போல, கிலோவுக்கு எத்தன இறால் நிக்கும்னு கேட்டான். தம்பி, ஒரு இறாலுக்கு எத்தன கிலோன்னு கேளு, அப்பதான் பேச்சுன்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

"எல்லாம் சரிண்ணே. இவ்ளோ நெருக்கமா விட்டாத் தண்ணிக்குக் காத்து குடுக்குற ஏரேட்டர் நிக்காம ஓடணும். திடீர்னு கரண்டு போச்சுன்னா, மூணுல எது தாங்கும்? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

அந்த லேபில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அண்ணன் ஒரு நிமிஷம் மீசையைத் தடவினார்.

"கரண்டா? நான் ஜெனரேட்டரே வாங்கல தங்கச்சி. பழக்கி வெச்சிருக்கேன். ஏரேட்டர் நின்னா, மூணு குட்டை இறாலும் ஒரே நேரத்துல மூச்ச அடக்கிக்கும். நேத்துகூட ஆறு மணி நேரம் கரண்டு இல்ல. ஒண்ணு அசையணுமே! தவம் பண்ற மாதிரி அப்படியே கெடந்துச்சு."

செண்பகவல்லி போனை எடுத்தாள். "சார், மண் குட்டைதான். நெருக்கமா விடல, பாதிக் குஞ்சு அனுப்புங்க போதும். மொதல்ல ஜெனரேட்டர் வாங்கிக்கிறேன், மத்ததெல்லாம் அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க குட்டை வழியாத்தாண்ணே வந்தேன். இறால் மூச்ச அடக்கிட்டிருக்குன்னு அந்தக் காக்காய்ங்களுக்கு யாரும் சொல்லல போலருக்கு. ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போகுது."