வாங்காதவர் பட்டியல்

உழவர் சந்தைக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர் தணிகாசலத்துக்கு, மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. சந்தையைக் கூட்டிப் பெருக்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து எதையும் வாங்காதவங்க பேரையெல்லாம் ஒரு வாரத்துல எழுதிக் கொடு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை.”

எட்டாம் நாள் ஒலிபெருக்கியைப் போட்டு, “எல்லாரும் கேட்கட்டும், படி” என்றார்.

செங்கமலம் படித்தாள். “தணிகாசலம் ஐயா.”

“மத்தவங்க?” அவர் குரல் இறங்கிவிட்டது.

“அவ்வளவுதாங்க. பேச வர்றவங்க போகும்போது ஒரு கட்டுக் கீரையாவது வாங்கிட்டுத்தான் போறாங்க. தினமும் காசில்லாம பையை நிரப்பிட்டுப் போறது நீங்க மட்டுந்தாங்க.”

மறுநாள் தணிகாசலம் காசு கொடுத்துக் கத்திரிக்காய் வாங்கினார். விலை அதிகம் என்று முணுமுணுத்தார். அந்த விலையைப் பலகையில் எழுதியவரே அவர்தான்.