நாற்பது விநாடி

இங்கே குருவுக்குத்தான் வயது குறைவு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பான ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட திரவியத்துக்கு ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருஷம் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்டுச் சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் சிரித்து ஓய்ந்தார்கள்.

ஜெசிந்தா லீவில் இருந்த ஒரு வாரத்தில் திரவியம் தன் கையால் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று வார்டுகளுக்குக் காட்ட ஒரு புரோகிராம் உண்டு. அந்தத் தகவல் முழுக்க வேறொரு மெஷினில், டேட்டாபேஸில் இருக்கிறது. முதலில் டேட்டாபேஸ் எழ வேண்டும், பிறகு புரோகிராம் எழ வேண்டும். டேட்டாபேஸ் எழ எவ்வளவு நேரமாகிறது என்று ஐந்து நாள் காலையில் பார்த்தார். முப்பது விநாடிக்கு மேல் ஒருநாளும் ஆகவில்லை. பாதுகாப்புக்குப் பத்து சேர்த்து, நாற்பது விநாடி காத்திருந்து புரோகிராமைத் தொடங்கும்படி எழுதிவிட்டார். எழுதிய அன்றைக்கு மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஜெசிந்தா லீவு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. போனால் போகட்டும், பேட்டரி தாங்க வேண்டாமா? தாங்கவில்லை. எல்லா மெஷினும் சட்டென்று அணைந்தன. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லாம் மொத்தமாக எழுந்தன.

எது ஓடுகிறது என்று காட்டும் திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை ஆனது.

"வந்துட்டு டீச்சர், எல்லாம் வந்துட்டு!" என்றார் திரவியம்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. திரவியம் எடுத்தார். பிரசவ வார்டு சிஸ்டர்.

"அண்ணே, ஓ நெகட்டிவ் ஒரு பைகூட இல்லையா? இங்க ஒரு பொண்ணுக்குப் பிள்ளை பொறந்து, ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. ரத்த வங்கிக்குப் போன் போட்டா லைனே கிடைக்கல. திரையில பூஜ்யம்னு இருந்துச்சு. அவ வீட்டுக்காரனை டவுனுக்கு வாங்கிட்டு வர அனுப்பிட்டேன். பைக்கை எடுக்கப் போயிருக்கான்."

டவுன் முப்பது கிலோமீட்டர்.

திரவியம் திரையைப் பார்த்தார். ஓ நெகட்டிவ் பூஜ்யம். அதற்குக் கீழேயும் பூஜ்யம். எல்லா வகையும் பூஜ்யம்.

"இல்லைன்னுதான் காட்டுது சிஸ்டர்..." என்று இழுத்தார்.

ஜெசிந்தா போனைப் பிடுங்கினாள்.

"சிஸ்டர், இல்லைன்னு நாங்க சொல்லல. எங்களுக்குத் தெரியல. கேக்குதா? தெரியல. அந்தத் திரையைப் பாக்காதீங்க, ஆள் அனுப்புதேன்."

போனை வைத்தாள்.

"அண்ணாச்சி, ரத்த வங்கிக்கு ஓடுங்க. ப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லி உங்க கண்ணால பாருங்க. நான் கேட் வாட்ச்மேன்கிட்ட சொல்லி பைக்கை நிறுத்துதேன்."

இடுப்பு போன ஆள் இரண்டு மாடி இறங்கி ஓடினார். "முருகா, முருகா" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே ஓடினார்.

ப்ரிட்ஜில் ஓ நெகட்டிவ் மூன்று பை இருந்தது.

பைகள் மேலே போயின. வாட்ச்மேன் பைக்கின் சாவியைப் பிடுங்கி, அந்தப் பெண்ணின் வீட்டுக்காரப் பையனை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்.

திரவியம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்து சேர்வதற்குள் ஜெசிந்தா புரோகிராமை நிறுத்தி, மறுபடி தொடங்கியிருந்தாள். இப்போது எண்கள் சரியாக இருந்தன.

"எப்படி டீச்சர்? எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?"

"டேட்டாபேஸ் கரண்ட் போய் விழுந்து எந்திரிச்சிருக்கு. எந்திரிச்சதும் தன்னைச் சரிபாத்துட்டு இருந்துச்சு. அதுக்கு ஆறு நிமிஷம் ஆயிருக்கு. உங்க புரோகிராம் நாப்பதாவது விநாடியில போய்க் கேட்டுச்சு. பதில் வரல. பதில் வராததைப் பூஜ்யம்னு எழுதிட்டு உக்காந்துட்டு."

திரவியம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையன் டவுனுக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும் டீச்சர்? எத்தனை விநாடி போடணும், சொல்லுங்க. நூறு போடட்டா? முந்நூறு? பத்து நிமிஷமே போட்டுடுதேன். இப்பவே மாத்திடுதேன்."

ஜெசிந்தா திரையை விட்டுத் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"ரத்தம் போய்க் கால் மணி நேரம் ஆச்சு. இந்நேரம் நல்லாத்தான் இருப்பா."

"கால் மணி நேரம் ஆச்சு, சரி. அவ எப்படி இருக்கா?"

திரவியம் மறுபடி மாடி ஏறினார். போன சுருக்கில் திரும்பி வந்தார்.

"வார்டு கதவு திறந்துதான் இருக்கு டீச்சர். லைட் எரியுது. உள்ள ஆள் நடமாட்டம் இருக்கு. ஒண்ணும் பயமில்லைன்னுதான் தோணுது."

"அவ எப்படி இருக்கா அண்ணாச்சி?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் குரல் உடைந்தது.

"கேக்கப் பயமா இருக்கு டீச்சர். வேற மாதிரி ஏதாவது சொல்லிட்டாங்கன்னா நான் எங்க போவேன்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க."

வார்டு வாசலில் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. திரவியம் திரைச்சீலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"இருங்க."

இருந்தார். மறுபடி கேட்டார்.

"இருங்கன்னேன்ல!"

இரண்டு பேரும் சுவரை ஒட்டி நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. உள்ளே ஒரு டிராலி போயிற்று. யாரோ யாரையோ விரட்டினார்கள். ஒரு பச்சைக் குழந்தை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. திரவியம் மறுபடி கேட்டார். பதில் வரவில்லை. நின்றார்.

கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மெலிசான ஒரு குரல் கேட்டது.

"சிஸ்டர், எம்பிள்ளையை இங்க கொண்டாங்க. எவ்வளவு நேரமா அழுதுட்டுக் கெடக்கான், ஒருத்தரும் கேக்க மாட்டேங்கீங்க."

பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

திரவியம் திரும்பி வந்தபோது ஜெசிந்தா அறை வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொன்னா?"

"பிள்ளையைக் கேக்கா டீச்சர். சிஸ்டரை ஏசுதா."

ஜெசிந்தா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க அண்ணாச்சி?"

திரவியம் யோசித்தார்.

"தெரியலையே டீச்சர். அவ பேசுத வரைக்கும் நின்னேன்."

"விநாடியை எடுத்துட்டு, அதையே புரோகிராம்ல எழுதுங்க."