நாச்சிமுத்து காருக்கு டர்போ வைத்த கதை

கொழிஞ்சிப்பாளையத்தில் யோசிக்காமல் யாரும் எந்தக் காரியத்திலும் இறங்கமாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. சமதரையில் ராஜா மாதிரி போகும். என்ன, சாவியைத் திருகினால் கிளம்பாது, பின்னால் இரண்டு பேர் தள்ளவேண்டும். அதற்கென்றே செங்கோடன், காளியண்ணன் என்று இரண்டு சிநேகிதர்களை வைத்திருந்தார். அவர் வெற்றிலை வாங்கப் போனாலும் அவர்கள் காருக்குப் பின்னாலேயே நடந்து வருவார்கள்.

நாச்சிமுத்துவின் மாமனார் ஊர் மலைமேல். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கிடா விருந்து. போன வருஷம் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்தா சகலை திருமூர்த்தி பின்னால் வரவேண்டும்! அவருடையது புதுக் கார். பின்பக்கம் ‘டர்போ’ என்று பளபளவென்று எழுதியிருக்கும். நாச்சிமுத்துவின் மனைவி ரங்கநாயகி பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் சகலை உடனே இறங்கவில்லையாம். “டர்போ வண்டிங்க மாமா. வந்ததும் அணைக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அணைக்கணும்” என்றாராம். மாமனார் தண்ணீர்ச் சொம்பை ஏந்திக்கொண்டு இரண்டு நிமிஷமும் வாசலிலேயே நின்றாராம். இதை ரங்கநாயகி வருஷம் முழுக்கச் சொன்னாள். குழம்பு ஊற்றும்போது சொன்னாள், ரசம் ஊற்றும்போது மறுபடியும் சொன்னாள்.

இந்த வருஷ விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது முடிவாகவே சொல்லிவிட்டாள். “ஏனுங்க, இந்தத் தடவையும் நடுவழியில நின்னுச்சுன்னா, இனி என்ற பொறந்த வீட்டுக்குத் தங்கச்சி கார்லதான் போவேன். நீங்க உங்க காரைத் தள்ளிக்கிட்டே வந்து சேருங்க.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. நேரே மெக்கானிக் ஆரோக்கியத்திடம் போனார். சிநேகிதர்களும் கூடப் போனார்கள். கார் கிளம்பவேண்டுமே!

“இதுக்கு ஒரு டர்போ வெச்சிரலாமுங்களா?”

ஆரோக்கியம் காரைச் சுற்றி வந்தான். “அண்ணா, டர்போங்கறது பின்னால போற புகையோட வேகத்தை வாங்கி என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுறது. புது என்ஜின் தாங்கும். இது தாங்குமோ என்னமோ. அவசரப்படாதீங்க. முதல்ல வண்டியில இருக்கற வேண்டாத சுமையை எல்லாம் இறக்கிட்டு ஒருக்கா ஏத்திப் பாருங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.”

வீட்டுக்கு வந்து மூவரும் வேப்பமரத்தடியில் காரை நிறுத்திச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஸ்டெப்னி வேணுமா?” என்றார் நாச்சிமுத்து.

“நாலு டயரு ஓடுது. அஞ்சாவது மட்டும் சொகுசாப் படுத்துக்கிட்டு வருது. இறக்குங்க” என்றான் செங்கோடன்.

“கதவு?”

“நின்னா எறங்கறதுக்குத்தானே கதவு? நிக்கக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு? கழட்டுங்க.”

கதவுகள் போயின. பின்சீட்டு போயிற்று. முன்னால் ரங்கநாயகி உட்காரும் சீட்டைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பதிலுக்கு டிரைவர் சீட்டைக் கழற்றினார்கள். அப்புறம்தான் ஓட்டுகிறவர் எதன்மேல் உட்காருவது என்று யோசனை வந்தது. கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லை மூன்று பேருமாகத் தூக்கிவந்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

“இது சுமை ஆகாதுங்களா?” என்று காளியண்ணன் இழுத்தான்.

“வேண்டாத சுமையைத்தான்டா ஆரோக்கியம் இறக்கச் சொன்னான். இது வேண்டிய சுமை” என்றார் நாச்சிமுத்து. காளியண்ணனுக்குத் தன் அவசரபுத்தியை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் பானெட்டைத் திறந்தார்கள்.

“ஏனுங்க மாமா, இத்தனாம் பெருசா உள்ள உக்காந்திருக்கே, இது என்ன வேலை பண்ணுது?” என்றான் செங்கோடன்.

“வண்டியை இழுக்குது.”

“வண்டியில எது கனம்?”

நாச்சிமுத்து யோசித்தார். “இதுதான்.”

“அப்ப அது தன்னையே இழுக்கறதுக்குத்தான் இத்தனை வருஷமா மூச்சு வாங்கிருக்குது! பாவம்ங்க.”

“டர்போ வெச்சா என்ஜின் தாங்குமோ என்னமோன்னு மெக்கானிக் வேற சொன்னாரு. என்ஜினே இல்லீன்னா தாங்கற பேச்சே இல்லீங்களே” என்றான் காளியண்ணன்.

கிணற்றுக்கு மோட்டார் இறக்கும் செயின் பிளாக்கை வேப்பமரக் கிளையில் மாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் என்ஜினைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் இருவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். கார் விறுவிறுவென்று ஓடிப் போய் எதிர்வீட்டு வைக்கோல்போரில் முட்டி நின்றது.

“போன வருஷம் எட்டுப் பேர் தள்ளி அசையலை!” நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. “என்ஜின்தான்டா இத்தனை நாளும் புடிச்சு நிறுத்தியிருக்குது.”

விருந்தன்று காலையில் ரங்கநாயகி பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக வந்து உட்கார்ந்தாள். சிநேகிதர்கள் தள்ளினார்கள். அது அவளுக்குப் புதிதல்ல. கார் நகர்ந்ததும் காதைத் தீட்டிக் கேட்டாள்.

“ஏனுங்க, சத்தமே இல்லீங்க!”

“ஆரோக்கியம் சொன்ன மாதிரி பண்ணியிருக்குது” என்றார் ஆட்டுக்கல்மேலிருந்து.

“தங்கச்சி கார் கூட இப்படித்தான், ஓடறதே தெரியாது” என்று அவள் காற்றுக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

முதல் வளைவுவரை சிநேகிதர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தள்ளினார்கள். இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவைத் தாண்டியதும் காரும் நின்றது. காளியண்ணன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

ரங்கநாயகியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அப்போது பின்னால் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்க்காமலே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது, சகலை!

வளைவு மாதிரி அங்கே அகலமில்லை, பாதை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. திருமூர்த்தி எட்டிப் பார்த்துக் கத்தினார். “அண்ணா, நகருங்க! பந்தி ஆரம்பிச்சிருவாங்க!”

“நகரத்தானுங்க பார்க்குது!”

ரங்கநாயகி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவள் ஒரு காலைத் தரையில் வைக்கப் போன சமயம், பசி பொறுக்காத திருமூர்த்தி தன் காரை மெல்ல முன்னால் கொண்டுவந்து பம்பரோடு பம்பரை ஒட்டவைத்து ஒரே அழுத்து அழுத்தினார். கார் குபுக்கென்று கிளம்பியது. சிநேகிதர்கள் ஓடிவந்து கதவில்லாத கதவு வழியாக உள்ளே விழுந்தார்கள்.

“மாமா! பின்னால இருந்து அமுக்கித் தள்ளுது!” என்று அலறினான் செங்கோடன்.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆரோக்கியம் சொன்னான் பாரு, அதேதான். டர்போ எடுத்துருச்சுடா!”

மிச்ச வளைவுகளையெல்லாம் கார் பறந்து கடந்தது. மாமனார் வாசலில் முதலில் போய் நின்றது நாச்சிமுத்துவின் கார்தான். ஒரு அங்குலம் பின்னால் சகலையின் கார், பானெட்டிலிருந்து ஆவி பறக்க.

மாமனார் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். “வாங்க மாப்பிள்ளை, இறங்குங்க. இலை போட்டாச்சு.”

நாச்சிமுத்து அசையவில்லை. சாவியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “சித்தெ இருங்க மாமா. இது இப்ப டர்போவுல வந்த வண்டி. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அணைக்கணும்.”

“ஆமாங்கப்பா” என்றாள் ரங்கநாயகி, தங்கச்சிக்குக் கேட்கும்படியாக.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்துவந்து வரிசையாக நின்றார்கள். வறுவல் வாசனை வாசல்வரை வந்தது. செங்கோடன் மெல்ல இறங்கிப் போய்த் திருமூர்த்தி கார் பானெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். அப்புறம் தங்கள் காரைத் தொட்டான்.

“மாமா, அவுங்கது கொதிக்குது. நம்மது சில்லுனு இருக்குதுங்க!”

“பழைய வண்டிடா இது. அந்தக் காலத்து உழைப்பு அப்படி” என்றார் நாச்சிமுத்து. இரண்டு நிமிஷம் ஆனதும் சாவியைத் திருகி, இல்லாத என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.