ஒரு வாய் மோர்

ஆற்றங்கரைக் குடிலில் உமையாள் வேதப் பாடம் சொல்லிவந்தார். அவரிடம் கேட்க வருகிறவர்களில் வடிவுதான் மூத்தவள். ஆசிரியையைவிடவே இருபது வயது கூடுதல். இருந்தாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலையில் வடிவு வந்து நின்ற நிலையே சரியில்லை. முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

"எங்க அக்கா வர்றாம்மா. இன்னிக்கு ராத்திரி என் வீட்டுல தங்கல். அவ மனசு கோணாம எப்படிப் பார்த்துக்கிறது?"

உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னல்லாம் செஞ்சு வச்சிருக்கே?"

"புதுப் பாய். வெளுத்த தலையணை உறை. மோர் கடைஞ்சாச்சு. இளநீர் ரெண்டு வாங்கியாச்சு."

"நிறைய இருக்கே."

"பயமா இருக்கும்மா."

பயத்துக்குக் காரணம் இருந்தது. புருஷன் காலமான பிறகு, ஆறு வருஷத்துக்கு முன்னால், வடிவு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, உமையாளிடம் படிக்க இந்தக் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வந்துவிட்டாள். அன்றைக்கு அக்கா சொர்ணம் தெருவில் நின்று சொன்னாள்: "நீ இருக்கிற இடத்துல பச்சைத் தண்ணி என் பல்லுல படாது." சொன்னபடி எட்டிப் பார்க்கவே இல்லை. இப்போது வருவதாக இரண்டு வரிக் கடிதம் மட்டும் வந்திருந்தது.

உச்சி வெயிலில் சொர்ணம் வந்து சேர்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

"கொல்லை எந்தப் பக்கம்?"

வடிவு குறுகலான நடை வழியே கூட்டிப்போய்க் காட்டினாள். கொல்லைக் கதவில் பழைய இரும்புத் தாழ்ப்பாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தாழ்ப்பாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறித் திறந்தது.

"உனக்கு இது திறக்க வராதுக்கா. நான் இந்த நடையிலதான் படுப்பேன். ராத்திரி ஒண்ணுக்கு வந்தா ஒரு குரல் கொடு, எழுந்து திறந்துவிடுறேன்."

சொர்ணம் தாழ்ப்பாளைப் பார்த்தாள். நடையில் விரித்திருந்த பாயையும் பார்த்தாள்.

வடிவு மோரை நீட்டினாள்.

"வேண்டாம்."

"டீ?"

"பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டேன்."

பொய். அவள் உதடு வெடித்துக் கிடந்தது. வடிவு இளநீரைச் சீவிக் கொடுத்தாள். சொர்ணம் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"ஒரு வாயாவது குடிக்கா."

"விடேன் வடிவு. பச்சைப் புள்ளைக்கு மாதிரி பாலாடையில புகட்டாத குறைதான்."

சாயங்காலத்துக்குள் வடிவுக்கு அழுகை முட்டிவிட்டது. அக்கா கிணற்றடியில் முகம் கழுவிய நேரம் பார்த்துக் குடிலுக்கு ஓடினாள்.

"சொன்ன சொல்லை விடலம்மா அவ. பொட்டுத் தண்ணி பல்லுல படல. காலையில கிளம்பிட்டா இனிமே வரவே மாட்டா. கால்ல விழுந்துடட்டுமா?"

"அவங்க எங்க படுப்பாங்க?"

"உள்ரூம்ல."

"நீ?"

"நடையில. கொல்லைக் கதவு அவளுக்குத் திறக்க வராது. என்னை எழுப்பினா திறந்துவிடுவேன்."

"எழுப்புவாங்களா?"

வடிவுக்குப் பழசு ஒன்று நினைவு வந்தது. சின்ன வயசில் அக்காவைத் தேள் கொட்டியது. வீட்டில் யாரையும் எழுப்பாமல், காலைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தவள் அவள்.

உமையாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வடிவுடன் நடந்தார்.

தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுத்தார். கை சிவக்கும்வரை இழுத்தார். பிறகு நடையில் கிடந்த வடிவின் பாயைச் சுருட்டி முன்னறையில் போட்டார். டார்ச் லைட் ஒன்றைச் சொர்ணத்தின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப சரியா வருதான்னு பாருங்கக்கா."

சொர்ணம் ஒற்றை விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். தனியாகக் கொல்லைக்குப் போய், கால் கழுவித் திரும்பி வந்தாள்.

"வடிவு, அந்த மோர் இருக்கா, கொட்டிட்டியா?"

"இருக்குக்கா."

"புளிச்சுத்தான் போயிருக்கும். உப்புப் போட்டுக் கொண்டா. பெரிய டம்ளர்ல."

அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டினாள். வடிவு அவசரமாக ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது.

"ஆறு வருஷமா வேதம் படிச்சும் ஊத்தத் தெரியல பாரு," என்றாள் சொர்ணம்.

வடிவு வாசல்வரை ஆசிரியையின் பின்னால் போனாள். பதற்றம் இன்னும் தணிந்தபாடில்லை.

"அம்மா, ராத்திரி அவ எழுந்து போற சத்தம் கேட்டா நான் என்ன செய்யணும்?"

உமையாள் விரலில் இருந்த எண்ணெயைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"தூங்குற மாதிரி படுத்திரு."